சில்லு அரசியல்: நண்பர்கள் பட்டியலில் இல்லாத இந்தியா

புது தில்லி: செமிகண்டக்டர் சில்லுகளை உள்நாட்டில் தயாரிக்கும் ரூ. 76 ஆயிரம் கோடித் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2021 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது. இத்துறையில் பணத்தைக் காட்டிலும் பெரிய தடை ஒன்று உண்டு என்பதை 2025 ஜனவரியில் வாஷிங்டன் உணர்த்தியது.

பதவிக்காலத்தின் கடைசி நாள்களில் பைடன் அரசு ஒரு விதியை வெளியிட்டது. செயற்கை நுண்ணறிவுக்கான உயர்திறன் சில்லுகளை வரம்பின்றி வாங்கத் தகுதியுள்ளவை என 18 நட்பு நாடுகளை அது அறிவித்தது. அப்பட்டியலில் இந்தியா இல்லை. முக்கியத் தொழில்நுட்பங்களில் ஒத்துழைக்கும் ஏற்பாட்டை இந்தியாவுடன் 2023-ல் தொடங்கியதும் அதே அரசுதான். 2025 மே மாதத்தில் டிரம்ப் அரசு அவ்விதியைக் கைவிட்டது. இதை தில்லியின் வெற்றியாகக் கொள்ள இடமில்லை. அமெரிக்க நிறுவனங்களே அவ்விதியைக் கடுமையாக எதிர்த்தன.

அதிநுண் சில்லுகளை அச்சிடும் புற ஊதாக்கதிர் இயந்திரத்தை நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனம் மட்டுமே தயாரிக்கிறது. அமெரிக்க நெருக்குதலால் அது சீனாவுக்கு விற்கப்படுவதில்லை. 2022 அக்டோபரில் கட்டுப்பாடுகளை அமெரிக்கா மேலும் இறுக்கியது. மறு ஆண்டே காலியம், ஜெர்மானியம் உலோகங்களின் ஏற்றுமதிக்குச் சீனா உரிமம் கட்டாயமாக்கியது.

இந்தப் பின்னணியில்தான் குஜராத்தின் தோலேராவில் டாடா நிறுவனமும் தைவானின் பவர்சிப் நிறுவனமும் ரூ. 91 ஆயிரம் கோடியில் அமைக்கும் ஆலையைப் பார்க்க வேண்டும். இங்கு திட்டமிடப்பட்டுள்ள 28 நானோமீட்டர் மற்றும் அதற்கு முந்தைய தலைமுறைச் சில்லுகளைப் "பழைய சரக்கு" என்று கேலி செய்வது முறையல்ல. கார்களுக்கும் வீட்டு உபயோகப் பொருள்களுக்கும் இவையே தேவை. இவற்றுக்கான தொழில்நுட்பம் அமெரிக்கத் தடைகளிலும் சிக்காது.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. உயர்நுட்பத்தில் வழி அடைக்கப்பட்ட சீனா, இதே வகைச் சில்லுகளில்தான் முதலீட்டைக் கொட்டுகிறது. அவை மலிவு விலையில் குவிவது குறித்து 2024 டிசம்பரில் அமெரிக்காவே விசாரணை தொடங்கியது. அந்த விலையோடு தோலேரா மோத வேண்டும். வரிச்சுவர் எழுப்பவும் வழியில்லை. உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப உடன்பாட்டில் 1997-ல் சேர்ந்த இந்தியா, சில்லுகளுக்குச் சுங்க வரி விதிப்பதில்லை என வாக்களித்துள்ளது.

திட்டச் செலவில் பாதியை மத்திய அரசு தருகிறது. ஆனால் சில்லுகளை யார், என்ன விலைக்கு வாங்குவார்கள்? எதிர்க்கட்சிகள் எழுப்ப வேண்டிய கேள்வி இது. 2022-ல் அவை ஆலை மகாராஷ்டிரத்துக்கா, குஜராத்துக்கா என்று மோதிக் கொண்டிருந்தன. மோதலுக்குக் காரணமான வேதாந்தா-ஃபாக்ஸ்கான் கூட்டு, ஆலை எழும் முன்பே 2023 ஜூலையில் முறிந்தது.