ரொட்டி உறையில் ஏன் தமிழ் இல்லை?

கும்மிடிப்பூண்டியில் பொழுது விடிகிறது. சிப்காட் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு முடிந்து ஆட்கள் வெளியே வருகிறார்கள். டீக்கடைகளில் கூட்டம். ஒரு கையில் டீ. மறு கையில் பன்.

அதே நேரம், திருவள்ளூரை அடுத்த காக்களூரில் ஒரு வீடு. கணவன், மனைவி இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். இட்லிக்கு மாவு இல்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு இரண்டு துண்டு ரொட்டியில் ஜாம் தடவி டப்பாவில் வைக்கிறாள் தாய்.

ஒரு காலத்தில் ரொட்டி என்றால் காய்ச்சல்காரர் சாப்பாடு. டாக்டர் சொன்னால்தான் அது வீட்டுக்குள் நுழையும். 1965-ம் ஆண்டில் மத்திய அரசே "மாடர்ன் பேக்கரீஸ்" என்ற கம்பெனியைத் தொடங்கி, ரொட்டி சுட்டு விற்றது. 2000-ம் ஆண்டில் அது தனியார் கைக்குப் போயிற்று. இப்போது பெட்டிக்கடையில்கூட ரொட்டி தொங்குகிறது.

சாப்பிடுகிறோம். அதில் என்ன இருக்கிறது என்று தெரியுமா?

விலையா, எடையா?

உறையைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் ஏதோ அச்சடித்திருக்கும். பெரும்பாலும் ஆங்கிலம். நடுவே சில எண்கள். 282, 471, 481, 300.

"அம்மா, இது விலையா, எடையா?" என்று பிள்ளை கேட்டால் தாய் விழிக்கிறாள். கடைக்காரரும் விழிக்கிறார்.

விலையும் அல்ல, எடையும் அல்ல. ரொட்டியில் சேர்த்திருக்கும் சரக்குகளின் அடையாள எண்கள் அவை. பல நாடுகளுக்கும் பொதுவானவை.

282 என்பது கால்சியம் புரோப்பியனேட். பூஞ்சணம் பிடிக்காமல் தடுப்பது. கடை ரொட்டி சில நாள் கெடாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 471, 481 இரண்டும் ரொட்டியைப் பஞ்சு போல் வைத்திருப்பவை. 300 என்றால் ஏதோ பயங்கரம் என்று நினைக்க வேண்டாம். அது வைட்டமின் சி. நெல்லிக்காயில் இருக்கிறதே, அதுதான். மாவுக்கு உறுதி கொடுக்கச் சேர்க்கிறார்கள்.

எண்ணைப் பார்த்ததும் "ஐயோ, விஷம்!" என்று அலற வேண்டியதில்லை. செல்போனில் அப்படி அலறுகிற செய்திகள் நாள்தோறும் வருகின்றன. அனுமதித்த அளவுக்குள் சேர்த்தால் இவற்றால் ஆபத்து இல்லை என்பதே நிபுணர்கள் முடிவு.

ஆனால் அனுமதி என்பது கல்லில் செதுக்கிய எழுத்து அல்ல. அதற்கு ஒரு கதை உண்டு.

17 ஆண்டு தாமதம்

பொட்டாசியம் புரோமேட் என்று ஓர் உப்பு. எண் 924. மாவில் ஒரு சிட்டிகை சேர்த்தால் போதும். ரொட்டி "குபுகுபு" என்று உப்பும். வெள்ளை வெளேர் என்று வரும். அடுப்பின் சூட்டில் இந்த உப்பு வேறு பொருளாக மாறிவிடும் என்பது கணக்கு. அளவு கூடினாலோ, சூடு குறைந்தாலோ மிச்சம் ரொட்டியிலேயே தங்கிவிடும்.

எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரகத்தில் கட்டி வந்தது. மனிதருக்கும் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1999-ல் அறிவித்தது. அதற்கு முன்பே, 1990-ல் பிரிட்டன் தடை போட்டுவிட்டது. 1994-ல் கனடா தடை போட்டது. நம் பக்கத்து இலங்கை 2001-ல் தடுத்தது.

இந்தியாவில்? 10 லட்சம் பங்குக்கு 50 பங்கு வரை சேர்க்கலாம் என்ற விதி அப்படியே இருந்தது.

2016 மே மாதம், டில்லியில் உள்ள அறிவியல், சுற்றுச்சூழல் மையம் ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. டில்லிக் கடைகளில் ரொட்டி, பன், பீட்சா ரொட்டி என்று 38 மாதிரிகள் வாங்கிச் சோதித்தார்கள். 100-க்கு 84 மாதிரிகளில் புரோமேட்டோ, அயோடேட்டோ, இரண்டுமோ இருந்தன. நாடெங்கும் பரபரப்பு. அடுத்த மாதமே, உணவுப் பாதுகாப்பு ஆணையம் புரோமேட்டுக்குத் தடை விதித்தது.

ஒரு மாதத்தில் செய்ய முடிந்த வேலை 17 ஆண்டு ஏன் கிடந்தது? அத்தனை ஆண்டும் ரொட்டி தின்ற பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?

விளம்பரம் மட்டும் தமிழில்!

உறையில் விவரம் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எந்த மொழியில்? ஆங்கிலத்தில், அல்லது இந்தியில். வேறு மொழியும் சேர்த்துப் போடலாம். கட்டாயம் இல்லை.

இங்கேதான் கோளாறு!

தொலைக்காட்சியில் ரொட்டி விளம்பரம் தமிழில் பாடுகிறது, ஆடுகிறது. வாங்கச் சொல்வது தமிழில். வாங்கியதில் என்ன இருக்கிறது என்று சொல்வது ஆங்கிலத்தில்! தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தாய் என்ன செய்வாள்? பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளை அவளுக்கு இருந்தால்? ரொட்டியில் பால் பொருள் இருக்கிறது என்ற எச்சரிக்கை அவள் கையிலேயே இருக்கிறது. அவளுக்குத்தான் அது புரியாது.

"இந்தியா முழுவதும் ஒரே உறை. ஒவ்வொரு மொழியிலும் அச்சடித்தால் கட்டுபடி ஆகாது" என்று கம்பெனிக்காரர்கள் சொல்லக்கூடும். சோப்புக்கு அது பொருந்தலாம். ரொட்டிக்குப் பொருந்தாது. ரொட்டி சில நாளில் கெட்டுப்போகும் சரக்கு. சுட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே விற்றாக வேண்டும். தமிழ்நாட்டில் விற்கும் ரொட்டிக்குத் தமிழில் உறை போடுவதில் என்ன கஷ்டம்?

எல்லாவற்றையும் போட இடம் இல்லையா? சரி. என்ன மாவு, எவ்வளவு சர்க்கரை, என்ன சரக்கு எதற்காகச் சேர்த்தது, எந்தத் தேதி வரை சாப்பிடலாம். இவ்வளவாவது பெரிய எழுத்தில் வேண்டும். மத்திய ஆணையம் இதைக் கட்டாயம் ஆக்க வேண்டும். மாநில அரசு வற்புறுத்த வேண்டும்.

அதுவரை ஒரு சூட்சுமம். எந்தப் பொருள் எடையில் அதிகமோ, அதைத்தான் பட்டியலில் முதலில் போட வேண்டும் என்பது விதி. "பிரவுன் ரொட்டி" என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறீர்களா? பட்டியலைப் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். முதலில் கோதுமை மாவு வருகிறதா, மைதா வருகிறதா? மைதா முதலில் வந்து, பின்னால் 150 என்ற எண்ணும் இருந்தால், அந்தப் பழுப்பு நிறத்தில் சாயத்துக்கும் பங்கு உண்டு. சர்க்கரையைக் கருக்கி எடுக்கும் சாயம் அது.

டீக்கடை பன்

கண்ணாடி ஜாடியில் இருக்கும் பன்னுக்கு உறையே கிடையாது. எந்த பேக்கரியில் சுட்டது, என்றைக்குச் சுட்டது என்பது யாருக்கும் தெரியாது. உழைத்துக் களைத்து வரும் தொழிலாளி அதைத்தான் சாப்பிடுகிறார். அதிகாரிகளின் சோதனை முதலில் அங்கே போக வேண்டும்.

பாக்கெட்டில் அடைத்து விற்றால் பேக்கரியின் பெயர், விலாசம், தேதி, 14 இலக்க உரிம எண் இருந்தாக வேண்டும். வெறும் பிளாஸ்டிக் உறையில் வந்தால் வாங்காதீர்கள். சந்தேகம் இருந்தால் யாரும் கட்டணம் கட்டி உணவைச் சோதிக்கச் சொல்லலாம். 2006-ம் ஆண்டுச் சட்டத்தில் 40-வது பிரிவு இந்த உரிமையைத் தருகிறது. உணவில் குற்றம் இருப்பது தெரிந்தால் கட்டிய பணம் திரும்பி வரும். புகார் சொல்ல, மாவட்டம்தோறும் உணவுப் பாதுகாப்பு அதிகாரி இருக்கிறார். திருவள்ளூரிலும் இருக்கிறார்.