வியர்வைக்கும் அளவு உண்டு

2025 மார்ச்சில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் 18 வயது மாணவி ஒருவர் உயிரிழந்தார். எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் சாப்பாட்டைக் குறைத்து, உடற்பயிற்சியை மட்டும் கூட்டிக்கொண்டே போனார் என்கின்றன செய்திகள். அதே ஆண்டு ஜூலையில் குளச்சல் அருகே, எடை குறைக்கப் பழச்சாறு மட்டுமே குடித்துவந்த 17 வயது மாணவர் இறந்தார். குளச்சல் நெல்லையிலுள்ள நமக்குத் தொலைவில் இல்லை.

ம.தி.தா. இந்துக் கல்லூரியும் அரசு ஐடிஐயும் உள்ள நெல்லைப் பேட்டையில் இளைஞர் கூட்டம் அதிகம். அவர்கள் ஜிம்முக்குப் போவது நல்லதே. ஆனால், தின்றதற்குத் தண்டனையாக ஓடுவதும், காய்ச்சலிலும் பயிற்சியை விட முடியாமல் தவிப்பதும் ஆரோக்கியம் அல்ல. உண்டதை ஈடுகட்ட அளவுமீறிப் பயிற்சி செய்வதை, புலிமியா என்னும் உணவுக் கோளாறின் அறிகுறிகளில் ஒன்றாக மனநல மருத்துவம் கருதுகிறது. எடை கூடும் அச்சத்தில் உணவைத் தவிர்க்கும் அனோரெக்சியா நோயாளிகளிடமும் இது காணப்படுகிறது. உடலுக்கு உணவு வரவு குறைந்து ஆற்றல் செலவு கூடினால் மாதவிடாய் நிற்கலாம், எலும்பு வலுவிழக்கலாம், இதயத் துடிப்பு மந்தமாகலாம். பொட்டாசியம் குறைந்தால் உயிருக்கே ஆபத்து.

இந்த உணவுக் கோளாறுகள் பெண்களுக்கு மட்டுமானவையல்ல. 'நல்லா இளைச்சிட்டியே' என்று பாராட்டும் முன், பிள்ளை சாப்பிடுகிறதா என்று வீட்டார் கவனிக்க வேண்டும். பயிற்சியாளர்கள் ஓய்வையும் உணவையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை நாடத் தயக்கம் வேண்டாம். 14416 என்ற 'டெலி மானஸ்' இலவச மனநல ஆலோசனை எண்ணும் இருக்கிறது. கல்லூரிகள் இவ்வெண்ணை அறிவிப்புப் பலகையில் இப்போதே எழுதிவைக்கட்டும்.