பழைய வேனும் பளபளக்கும் வாக்குறுதிகளும்

கனடாவில் வாழும் பழைய நண்பர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். ஓய்வு பெற்றுவிட்டாராம். கண்டியில் ஒரு பழைய டொல்பின் வேனை வாங்கி, பின்னிருக்கைகளைக் கழற்றிக் கட்டிலும் அடுப்பும் பொருத்தி, மனைவியுடன் ஆறு மாதம் இலங்கையைச் சுற்றப் போகிறாராம். "மச்சான், வழியில் வாகனம் நின்றால் வந்து உதவும் திட்டங்கள் அங்கே இருக்கின்றனவாமே. எது மலிவு?" என்று கேட்டார்.

அந்த 'எது மலிவு' என்ற கேள்விதான் என்னை எழுத உட்கார வைத்தது.

பழைய வேன் வாங்குவதில் தவறில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு மீண்டும் திறந்தது. திறந்த கதவில் வரி காவல் நிற்கிறது. ஆகவே தொண்ணூறுகளில் ஜப்பானில் பிறந்த வேன்கள்தாம் இன்றும் எங்கள் குடும்பங்களைக் கோயிலுக்கும் கலியாணத்துக்கும் சுமந்து செல்கின்றன. என்னிடம் இருப்பதும் 1994ஆம் ஆண்டு வேன்தான்.

என் குற்றச்சாட்டு இதுதான்: விற்கப்படும் வீதியோர உதவித் திட்டங்களில் மலிவானவை, கொழும்பின் சமதரையில் ஓடும் புதிய காருக்காக எழுதப்பட்டவை. அவற்றையே மலைநாட்டில் ஓடும் பழைய வேனுக்கும் விற்பது, வெயிற்குடையை மழைக்கு விற்பது போன்றது.

கண்டியின் நில அமைப்பை எண்ணிப் பாருங்கள். கொழும்புக்குப் போகக் கடுகண்ணாவைக் கணவாயில் இறங்க வேண்டும். கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரம்; நுவரெலியா 1,868 மீற்றர். இடையில் இருக்கிறது ரம்பொடை. மகியங்கனைக்குப் போனால் பதினெட்டு வளைவுகள். ஏற்றத்தில் பழைய றேடியேற்றர் கொதிக்கும். இறக்கத்தில் பிரேக்கை இடைவிடாது மிதித்தால் பழைய பிரேக் எண்ணெய் சூடேறிக் கொதித்து, மிதி வெறுமையாக உள்ளே போகும். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் ஏற்றிய வேனுக்கு இந்த ஆபத்து இருமடங்கு.

இனி என் கதை. சில ஆண்டுகளுக்கு முன் மகியங்கனையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். வளைவுகளை ஏறி முடித்து ஹுன்னஸ்கிரியவை நெருங்குகையில் கிளட்ச் மிதி தரையோடு ஒட்டிக்கொண்டது. மாலை ஏழு மணி. மழை, மூடுபனி. வேனுக்குள் மனைவி, மகள், இரண்டு பேரப்பிள்ளைகள்.

அட்டையிலிருந்த இலக்கத்துக்கு அழைத்தேன். பதிவுக் குரல் மும்மொழியிலும் வரவேற்றது. தமிழுக்குரிய எண்ணை அழுத்தினேன். வந்த மனிதக் குரல் சிங்களத்தில் பேசியது. எனக்குச் சிங்களம் தெரியும், பேசினேன். முதற் கேள்வி, வேனின் வயது. இரண்டாவதாக வந்தது விளக்கம்: இலவசமாக இழுத்துச் செல்வது பத்துக் கிலோமீற்றருக்கு மட்டுமே, அந்தப் பத்தும் இழுவை வண்டி கண்டியிலிருந்து புறப்படும்போதே எண்ணப்படும். நானோ முப்பது கிலோமீற்றருக்கு அப்பால் நிற்கிறேன். வண்டி என்னைக் காணுமுன்பே என் உரிமை தீர்ந்துவிடும்! "மூன்று மணித்தியாலம் ஆகும் சேர்" என்றார் அவர்.

நாற்பது ஆண்டுகள் பத்திரிகை அலுவலகத்தில் பிறரது பிழைகளைத் திருத்தியவன் நான். என் சொந்த ஒப்பந்தத்தின் பொடி எழுத்துக்களை வாசிக்கவில்லை. அந்த வெட்கத்தையும் இங்கே பதிவு செய்கிறேன்.

வீதியோரக் கடைக்காரர் ஒருவர் தேநீர் தந்து, ஊர் மெக்கானிக்குக்கு ஆள் அனுப்பினார். மழையங்கியுடன் மோட்டார் சைக்கிளில் வந்த சிங்கள இளைஞர், கிளட்ச் சிலிண்டரின் தேய்ந்த ரப்பரை மாற்றி, ஒரு மணித்தியாலத்தில் வேனை ஓட வைத்தார். "மெதுவாகப் போங்கள் மாத்தயா" என்று வழியனுப்பினார்.

இந்தக் கதையைச் சொன்னால் உடனே சிலர், "பார்த்தீர்களா, திட்டமே வேண்டாம், ஊர் மெக்கானிக் போதும்" என்பார்கள். அதையும் நான் ஏற்கமாட்டேன். அன்று தேய்ந்தது ஒரு சிறு ரப்பர். உடைந்தது கியர்ப்பெட்டியாக இருந்திருந்தால்? அதிர்ஷ்டத்தை நம்பிக் குழந்தைகளை மலைப்பாதையில் அழைத்துச் செல்ல முடியாது. திட்டம் வேண்டும், ஆனால் கேட்டறிந்து வாங்க வேண்டும்.

நண்பரே, கட்டணத்தைக் கடைசியில் கேளுங்கள். முதலில் வயதெல்லையைக் கேளுங்கள். இத்தனை ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாகனத்துக்கு உதவி இல்லை என்று எங்கேனும் ஒரு வரி ஒளிந்திருக்கலாம். அடுத்து, இழுவைக்கு எல்லை எத்தனை கிலோமீற்றர், அது எந்த இடத்திலிருந்து எண்ணப்படும், யார் தெரிவு செய்யும் கராஜில் வேன் இறக்கப்படும் என்று கேளுங்கள். பிறகு, வருவது கொக்கியா, தட்டு லொறியா? டொல்பின் வேனுக்குப் பின்சக்கரமே இயங்குசக்கரம். தானியங்கிக் கியர் உள்ள வேனின் முன்பக்கத்தைத் தூக்கிப் பின்சக்கரங்களை உருளவிட்டு நெடுந்தூரம் இழுத்தால் கியர்ப்பெட்டியும் கெட்டுவிடும். கட்டில் பொருத்தி மாற்றியமைத்ததை நிறுவனத்துக்கு முன்கூட்டியே அறிவித்து, ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் வாங்குங்கள். இயற்கை அனர்த்த நாட்களில் உதவி உண்டா என்பதையும் கேளுங்கள். 2025 நவம்பரில் கடுகண்ணாவையில் மண்சரிந்து கொழும்பு வீதி மூடப்பட்டதையும், சில நாட்களில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தைச் சிதைத்ததையும் மறக்க முடியுமா?

கடைசிக் கேள்வியே எனக்கு மிக முக்கியமானது. இரவு பதினொரு மணிக்கு அந்தத் தொலைபேசியில் தமிழில் பேச ஒருவர் இருப்பாரா? வாங்குமுன் ஒருநாள் இரவு நீங்களே அழைத்துச் சோதியுங்கள். எனக்குச் சிங்களம் தெரிந்ததால் பிழைத்தேன். தோட்டத்திலிருந்து வாடகை வேனில் நோயாளித் தாயைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் குடும்பத்துக்குத் தெரியாவிட்டால்? எந்த வளைவில் நிற்கிறோம் என்பதைச் சொல்லவே முடியாதவருக்கு எந்த லொறி வரும்? 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. அரசோடு மல்லாடுவது இருக்கட்டும். என் பணத்தைத் தமிழ் விளம்பரம் காட்டி வாங்கும் நிறுவனம், என் ஆபத்தையும் தமிழில் கேட்க வேண்டாமா? விற்பதற்கு ஒரு மொழி, உதவுவதற்கு வேறொரு மொழி என்பது வணிக நேர்மையாகுமா?

இன்னொன்று. பிரித்தானியாவின் புகழ்பெற்ற ஏ.ஏ. அமைப்புத் தொடங்கியது 1905இல். இலங்கையின் ஒட்டோமொபைல் சங்கம் 1904இலேயே தொடங்கிவிட்டது. வழியில் நின்றவருக்கு உதவும் எண்ணம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்பதற்காகவே சொல்கிறேன். நாம் கேட்காததால்தான் பலர் கொடுக்கவில்லை.

நண்பர் வரட்டும். நல்வரவு. ஆனால் திட்டத்துக்குக் கையெழுத்து வைக்குமுன், சேமித்த பணத்தில் ஒரு பங்கைப் பிரேக்குக்கும் றேடியேற்றருக்கும் ரயருக்கும் செலவிடட்டும். இறக்கத்தில் சிறு கியரில் இறங்கட்டும். ஹுன்னஸ்கிரியவில் அந்தத் தேநீர்க் கடை இன்னும் இருக்கிறது. அங்கே ஒருமுறை வேனை நிறுத்தட்டும், பழுதாகாமலே.