மைக்ரோ டிப்பா, மரப் பென்சிலா? படம் வரைய எதை வாங்குவது?

கோடை விடுமுறை வந்துவிட்டால் போதும், தெருவுக்குத் தெரு டிராயிங் கிளாஸ் போர்டு தொங்கும். பிள்ளையைச் சேர்த்துவிட்ட கையோடு பெற்றோர் போய் நிற்கும் இடம் ஸ்டேஷனரி கடை. அங்கேதான் பஞ்சாயத்து ஆரம்பிக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளக்கும் மைக்ரோ டிப் பென்சிலைப் பிள்ளை காட்டும். "அதெல்லாம் எதுக்கு, சாதா பென்சில் போதும்" என்பார் அம்மா. "அதைச் சீவிக்கிட்டே இருக்கணும்மா" என்று பிள்ளை மடக்கும். கடைக்காரர் இரண்டையும் எடுத்து முன்னால் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார்.

இந்தப் பஞ்சாயத்தில் என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரையக் கற்றுக்கொள்பவருக்கு மரப் பென்சில்தான். மைக்ரோ டிப் மட்டமான பொருள் என்று சொல்லவில்லை. அது வேறு வேலைக்காகப் பிறந்த கருவி. தவறான கருவியைக் கையில் கொடுத்துவிட்டு, "உனக்குப் படம் வரல" என்று ஒரு பிள்ளையை நாமே நம்பவைத்துவிடுகிறோம். என் கவலை அதுதான்.

தாத்தாவின் கன்னம்

இதை அனுபவத்தில் சொல்கிறேன். நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது தாத்தா இறந்துபோனார். அவருடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைப் பார்த்து வரைய உட்கார்ந்தேன். கையில் 0.5 மைக்ரோ டிப். மூன்று நாள் ஆனது. மூக்கு, காது, கண்ணாடி எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஆனால் முகம் தட்டையாக இருந்தது. ஒட்டிப்போன கன்னத்தின் குழி வரவே இல்லை. கருமை வேண்டும் என்று அழுத்தினால் லெட் டக்கென்று ஒடிந்தது. கடைசியில் எல்லைக்கோடு போட்ட மேப் மாதிரி ஒரு முகம்தான் மிஞ்சியது. அப்பா பார்த்துவிட்டு "நல்லாருக்கு" என்றார். சொன்ன விதத்திலேயே தெரிந்துவிட்டது. நமக்கு இது வராது என்று நோட்டை மூடினேன்.

அடுத்து வரைந்தது விஸ்காம் முதலாம் ஆண்டில். டிராயிங் ஒரு பேப்பர், தப்பிக்க வழியில்லை. மேசைமேல் ஒரு பித்தளைச் சொம்பு. பழைய பழக்கத்தில் 0.5-ஐ எடுத்தேன். ஆசிரியர் அதை வாங்கி ஓரமாக வைத்தார். "இதுல அசைன்மென்ட் எழுதிக்கோ" என்றவர், பிளேடால் நீளமாகச் சீவிய ஒரு 4பி பென்சிலைக் கொடுத்தார். "நுனியால வரையாத. சாய்ச்சுப் பிடி." சாய்த்துத் தேய்த்தேன். சொம்பின் வயிறு தாளிலிருந்து புடைத்துக்கொண்டு வந்தது.

முழுப் பழியையும் பென்சில் மேல் போட மாட்டேன். எட்டாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை. ஆனால், ஐந்து வருஷம் "திறமை இல்லை" என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி, அந்த லெட்டின் அளவுதான்.

ஒரு சின்னக் கணக்கு

தாளில் 4 சென்டிமீட்டருக்கு 4 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைப் போட்டு, அதை முழுக்க நிரப்பிப் பாருங்கள். 0.5 மைக்ரோ டிப் போடும் கோட்டின் அகலம் சுமார் அரை மில்லிமீட்டர். இடைவெளி இல்லாமல் நிரப்ப 80 கோடு வேண்டும். பிளேடால் சீவிய மரப் பென்சிலில் 5 மில்லிமீட்டர் அளவுக்கு லெட் வெளியே தெரியும். அதைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எட்டே இழுப்பு!

நேர மிச்சம் மட்டும் இல்லை. 80 கோடும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும். எட்டு இழுப்பு ஒரே நிழலாகக் கலந்துவிடும். ஒரு முகத்தில் உண்மையில் கோடு என்பதே கிடையாது. வெளிச்சம் மெல்ல மெல்ல நிழலாக மாறும் இடங்கள்தான் இருக்கின்றன. அதற்கு நுனியைவிடப் பக்கவாட்டுதான் அதிகம் தேவை. மைக்ரோ டிப்பில் அந்தப் பக்கவாட்டு கிட்டத்தட்ட கிடையாது. குழாயிலிருந்து கொஞ்சம் கூடுதலாக லெட்டை நீட்டினால் ஒடிந்துவிடும்.

மரப் பென்சிலில் இன்னொரு வசதி, ஒரே இழுப்பில் கோட்டை மாற்றலாம். நிமிர்த்திப் பிடித்துத் தொடங்கி, போகப்போகச் சாய்த்து அழுத்தினால், மயிரிழையாக ஆரம்பித்த கோடு பட்டையாக முடியும். வாழை இலையின் ஓரத்தை, புடவை மடிப்பை இப்படித்தான் பிடிக்க முடியும். மைக்ரோ டிப்பில் கோடு கருக்கலாம், வெளிறலாம். அகலம் மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

அது என்ன ஹெச், பி?

லெட் என்று சொல்கிறோமே தவிர, அதில் ஈயம் கிடையாது. அது கிராஃபைட், அதாவது கரிமத்தின் ஒரு வடிவம். 16-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாரோடேல் பகுதியில் கிடைத்த கிராஃபைட்டை ஈய வகை என்று நினைத்தார்கள். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. தமிழிலும் காரீயம் என்ற சொல் இரண்டுக்கும் புழங்குகிறது. நம் சிவகங்கையிலேயே கிராஃபைட் சுரங்கம் உண்டு.

இங்கிலாந்தோடு போர் மூண்டதால் பிரான்சுக்கு நல்ல கிராஃபைட் வருவது நின்றுபோனது. அப்போது நிக்கோலா ழாக் கோந்தே என்பவர், கிராஃபைட் தூளைக் களிமண்ணோடு பிசைந்து சுட்டுப் பார்த்தார். 1795-ல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். இன்றைக்கும் மரப் பென்சில் செய்வதற்கு அடிப்படை இதுதான். களிமண் கூடினால் லெட் கெட்டி, கோடு வெளிறும். அது ஹெச் வரிசை. கிராஃபைட் கூடினால் மென்மை, கருமை. அது பி வரிசை. இரண்டுக்கும் நடுவில் ஹெச்பி. பி-க்கு முன்னால் உள்ள எண் ஏற ஏற, கருமையும் ஏறும்.

மைக்ரோ டிப் லெட்டில் கதை வேறு. அரை மில்லிமீட்டர் தடிமனில் களிமண் கலவை தாங்காது. அதனால் பாலிமர் சேர்த்துச் செய்கிறார்கள். அதையும் ஓரளவுக்குமேல் மென்மையாக்கினால் ஒடியும். எனவே 0.5-ல் 4பி-யைத் தாண்டிக் கிடைப்பது அரிது. கடையில் சும்மா "லெட் குடுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது ஹெச்பி-தான். மரப் பென்சிலிலோ 6பி, 8பி எல்லாம் சாதாரணம். மென்மையான வகைகளில் லெட்டும் தடிமனாகவே இருக்கும்.

எப்போதும் கூர்: அதுதான் பிரச்சினையே

சீவ வேண்டாத பென்சில் ஒன்றும் நேற்று வந்ததில்லை. ஜான் ஐசக் ஹாக்கின்ஸ், சாம்ப்சன் மோர்டன் என்ற இருவர் 1822-லேயே பிரிட்டனில் அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். ஜப்பானில் 1915-ல் டோகுஜி ஹயகாவா உலோகத்தில் ஒரு பென்சில் செய்தார். அதன் பெயரிலிருந்துதான் பின்னாளில் டிவி, கால்குலேட்டர் செய்த ஷார்ப் நிறுவனத்துக்கே பெயர் வந்தது. ஷார்ப் என்றால் கூர். தேயாத கூர்தான் இந்தப் பென்சில்களின் பெருமை.

எழுதுகிறவருக்கு அது வரம்தான். முதல் வரியும் கடைசி வரியும் ஒரே தடிமனில் இருக்கும். படம் வரைகிறவருக்கு மழுங்கல், சாய்வு, பட்டை எல்லாமே வேண்டும். கூர் மட்டும் தெரிந்த கருவியோடு வரைவது, ஒரே ஸ்வரத்தை வைத்துக்கொண்டு பாட முயல்வது மாதிரி.

அப்போ மைக்ரோ டிப் வேஸ்ட்டா?

நிச்சயமாக இல்லை. ஸ்கேல் வைத்துக் கோடு போட, அளவெடுத்து வரைய, காமிக்ஸ் கட்டத்துக்குள் சின்ன முகம் போட, கண் இமை, நகை வேலைப்பாடு மாதிரி நுணுக்கங்களுக்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. பஸ்ஸில் போகும்போது குட்டி நோட்டில் கிறுக்கவும் வசதி, சீவல் குப்பை விழாது. பென்சில் குட்டையாகிக் கைக்குள் அடங்காமல் போகிற தொல்லையும் கிடையாது. 0.5-ல் ஒடிந்துகொண்டே இருந்தால் 0.7 அல்லது 0.9-க்கு மாறிப் பாருங்கள். கையில் அழுத்தம் அதிகம் உள்ளவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆளும் இருக்கிறார்: 2 மில்லிமீட்டர் கிளட்ச் பென்சில். பின்னால் அழுத்தினால் உள்ளே இருக்கும் தாடை திறந்து லெட் வெளியே வரும். மரப் பென்சில் மாதிரியே இந்த லெட்டைக் கூராகவும் தீட்டலாம், சாய்வாகவும் தேய்க்கலாம். மென்மையான வகைகளும் கிடைக்கும். பென்சிலின் நீளமும் குறையாது. ஆனால், இது நாலைந்து மாதம் வரைந்து பழகிய பிறகு வாங்க வேண்டியது. முதல் நாளே வேண்டாம்.

கடையில் என்ன செய்யலாம்?

முதலில், இருபது பென்சில் அடுக்கிய டப்பா வேண்டாம். ஹெச்பி, 2பி, 6பி மூன்றும் போதும். ஹெச்பி-யில் லேசாக வடிவம் போடலாம், 2பி-யில் பொதுவான நிழல், 6பி-யில் அடர்ந்த கருமை.

வாங்கும் முன் பென்சிலின் சீவாத முனையை ஒரு தடவை பாருங்கள். லெட் மரத்துக்கு நட்டநடுவில் இருக்க வேண்டும். ஒருபக்கமாக ஒதுங்கியிருந்தால், சீவும்போது ஒருபுறம் மரமே லெட்டை மூடிக்கொண்டு வரும். எத்தனை சீவினாலும் முனை நிற்காது. கீழே விழுந்த பென்சிலும் அப்படித்தான். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே லெட் துண்டுதுண்டாகியிருக்கும்.

ஷார்ப்னர் குட்டையான கூம்புதான் தரும். சாய்த்துத் தேய்க்க நீளமான முனை வேண்டும் என்றால் பிளேடுதான். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் சீவிக்கொடுங்கள், பிளேடை அவர்கள் கையில் தர வேண்டாம். "சீவுவதற்கே நேரம் போயிடுதே" என்பவர்களுக்கு ஒரு யோசனை: உட்காரும் முன்பே மூன்று பென்சிலையும் சீவி வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள்.

தாள் முக்கியம். வழவழப்பான தாளில் 6பி-யும் வழுக்கும். லேசான சொரசொரப்பு இருந்தால்தான் கிராஃபைட் பிடிக்கும்.

இதெல்லாம் வாங்கிய பிறகும் பிள்ளை மைக்ரோ டிப் கேட்டால் அதையும் வாங்கிக் கொடுங்கள். கூடவே ஒரு 6பி பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்க்கவும் காட்டிவிடுங்கள். படம் தட்டையாக வந்தால், "உனக்கு வரல" என்று சொல்வதற்கு முன் அந்தக் கையில் என்ன இருக்கிறது என்று ஒரு நிமிடம் பாருங்கள்.

போன வருஷம் தாத்தாவை மறுபடி வரைந்தேன். அதே பாஸ்போர்ட் சைஸ் போட்டோதான். கன்னத்துக் குழி 6பி-யில் வந்தது. கண்ணாடியின் மெல்லிய ஃபிரேமுக்கு மட்டும் 0.5 மைக்ரோ டிப்பை எடுத்தேன்.