முறைப்பாடே இல்லாத தோட்டம்

சான்றிதழுக்கான ஓடிட் திகதி தெரிந்துவிட்டால் தேயிலைத் தோட்டத்துக்கே ஒரு சுறுசுறுப்பு. மலையகத்தில் நல்லதண்ணிப் பக்கம் மட்டுமல்ல, மஸ்கெலியா, பொகவந்தலாவை என்று எங்கும் இதே கதைதான். பிள்ளை மடுவத்துக்கு வெள்ளையடிப்பார்கள். கொழுந்து மடுவத்தில் முதலுதவிப் பெட்டி தொங்கும். அதற்குள் பிளாஸ்டர்கூட இருக்கும். மருந்தடிக்கிறவர்களுக்குப் புதுக் கையுறை, பூட்ஸ். காலைப் பெரட்டில் பாடம் நடக்கும்: "யாரும் கேட்டா எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லணும், வெளங்குதா?" வந்தவர்கள் போனதும் பூட்ஸ் ஸ்டோருக்குத் திரும்பிவிடும்.

"வீட்டுக்கு ஆள் வந்தால் கூட்டிப் பெருக்கமாட்டோமா?" என்று இதற்கு நியாயம் சொல்கிறார்கள். ஒபீசில் மட்டுமல்ல, லயத்திலும் சொல்கிறார்கள். சான்றிதழ் போனால் தேயிலை விலைபோகாது, வேலைநாள் குறையும் என்ற பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஓடிட்டுக்கு ஆயத்தமாவது என்றால் குறையை மறைப்பது என்ற நம்பிக்கை இருக்கிறதே, அதைத்தான் ஒழிக்க வேண்டும்.

முறைப்பாட்டுப் புத்தகத்தைப் பாருங்கள். பல தோட்டங்களில் அது கசங்காமல் இருக்கிறது. அதில் பெருமை வேறு! மழையிலும் அட்டைக்கடியிலும் குளவிக்கூட்டின் அடியிலும் நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் இடத்தில் வருசம் முழுக்க ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லையாம். கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கும் சாக்குக்கும் எத்தனை கிலோ கழித்தார்கள் என்று வாய்த்தர்க்கம் நடக்காத மடுவம் எது? அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போட்டதற்குக் கணக்கப்பிள்ளையோடு சண்டை வராத மாதம் எது? அதெல்லாம் புத்தகத்தில் ஏறவில்லை என்றால், அந்தப் புத்தகத்தை ஒருவரும் நம்பவில்லை.

சான்றிதழின் தவளைச் சின்னத்துக்குச் சொந்தக்காரரான ரெயின்ஃபொரஸ்ட் அலையன்ஸ் 2020இல் வெளியிட்ட விதிகளும் வெற்றுப் புத்தகத்தைக் கேட்கவில்லை. சிறுவர் உழைப்பு, கட்டாய உழைப்பு, பாகுபாடு, வேலைத்தள வன்முறை ஆகியவற்றுக்கான ஆபத்தைத் தேடிக் கண்டுபிடி, கண்டதற்குப் பரிகாரம் செய் என்கின்றன. பெயர் சொல்லாத முறைப்பாட்டையும் ஏற்க வேண்டும். எழுத்துத் தெரியாதவருக்கும் வழி இருக்க வேண்டும்.

நடப்பது வேறு. இந்தியத் தேயிலைத் தோட்டங்களை ஆராய்ந்து ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தின் ஜெனிவீவ் லெபரோன் 2018இல் ஓர் அறிக்கை தந்தார். ஓடிட் நாளில் மட்டும் விதிப்படி வேலை செய்து, மறுநாள் பழையபடி செய்யும்படி நிர்வாகம் சொன்னதாக அங்கே தொழிலாளர்களே கூறியிருக்கிறார்கள். தேயிலைக்கு வெளியிலும் இதே கதைதான். கராச்சியின் அலி என்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலை 2012 ஓகஸ்டில் எஸ்.ஏ. 8000 என்ற வேலைத்தளத் தரச் சான்றிதழ் வாங்கியது. செப்டெம்பர் 11 அன்று தீயில் 250க்கு மேற்பட்டோர் செத்தார்கள். ஜன்னல்களில் கம்பி, வெளியேறும் வாசல்களில் பெரும்பாலானவற்றுக்குப் பூட்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சான்றிதழ் ஓடிட்டுக்குப் பொதுவாகக் கட்டணம் கட்டுவது ஓடிட் செய்யப்படுகிறவர்தான். சில நாள் வந்து, சில மலைகளைப் பார்த்து, சிலரிடம் பேசிவிட்டுப் போகிறவர் எல்லாவற்றையும் கண்டுபிடிப்பார் என்று காத்திருப்பதும் வீண்.

ஆயத்தமாக வேண்டுமா? குளவி கொட்டிய ஒவ்வொரு நாளையும் எழுதுங்கள். எந்த மலை, கூட்டை முன்பே யாரிடம் சொன்னார்கள், மஸ்கெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி எவ்வளவு நேரம் கழித்து வந்தது என்று எழுதுங்கள். கொழுந்தெடுக்கும் பெண்களின் முன்னால் படிக்கல் வைத்துத் தராசைச் சோதியுங்கள். முறைப்பாட்டுப் புத்தகத்தை ஒபீஸ் அலுமாரியிலிருந்து எடுத்து, எழுதத் தெரிந்த இரண்டு தொழிலாளிப் பெண்களிடம் கொடுங்கள். ஒரு மாதத்துக்குள் பக்கங்கள் நிரம்பும். துரைக்குக் கோபம் வரும், கம்பனியிலிருந்து போன் வரும். வரட்டும். ஓடிட்டரிடம் முதலில் நீட்ட வேண்டியது அந்தப் பக்கங்களைத்தான்.