உளியை எங்கள் பெண் பிள்ளைகள் கையிலும் கொடுங்கள்

பிங்கா ஓயா வெள்ளம் அக்குறணை நகருக்குள் ஏறி வடிந்த மறுநாள் மாத்தளை வீதியில் நடந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். ஊதிப் பிளந்த அலுமாரிகளும் கால் கழன்ற மேசைகளும் வீதியோரம் குவிந்து கிடக்கும். வசதியுள்ளவர் புதிது வாங்கிவிடுவார். ஓயாவை ஒட்டிய சின்ன வீடுகளில் இருப்பவர்கள் ஓடாவியைத் தேடி அலைவார்கள். ஊரெல்லாம் ஒரே நேரத்தில் தேடும்போது ஓடாவி எங்கே கிடைப்பார்? சட்டத்தில் பொருந்தாத கதவைக் கயிற்றால் கட்டிவிட்டு, ஓர் உம்மாவும் பெண் பிள்ளைகளும் அந்த வீட்டில் இரவைக் கழிப்பார்கள்.

அந்த வீட்டில் சாதாரண தரம் எழுதிவிட்டுச் சும்மா இருக்கும் 16 வயதுப் பிள்ளை ஒருத்தி இருப்பாள். ஊறிய கதவை உடனே சீவக்கூடாது, ஈரம் காய்ந்து மரம் சுருங்கிய பிறகே சீவுளியை வைக்க வேண்டும், அவசரப்பட்டுச் சீவினால் பிறகு இடைவெளி விழும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. என் முறைப்பாடு இதுதான்.

அக்குறணை என்றால் வியாபாரிகளின் ஊர், பணமுள்ள ஊர் என்று வெளியில் ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரே இங்குள்ள ஏழைப் பிள்ளைகளை மறைத்துவிடுகிறது. உதவித் திட்டங்கள் வந்தாலும் பெண் பிள்ளைகளுக்கு என்று வருவது தையல், கேக் அலங்காரம், மணப்பெண் அலங்காரம். தையலை நான் குறைத்துச் சொல்லவில்லை. எத்தனையோ வீடுகளில் அதுதான் அடுப்பெரிய வைத்திருக்கிறது. ஆனால் ஒரே ஒழுங்கையில் பத்துப் பேர் தைத்தால் பத்துப் பேருக்கும் கூலி குறையும்.

பாடத்திட்டம் பெண்களைத் தடுக்கவில்லை. 6ஆம் தரத்திலிருந்து 9ஆம் தரம் வரை செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் என்ற பாடம் இருந்து வந்திருக்கிறது. 10ஆம் தரத்தில் விருப்பப் பாடங்களின் மூன்றாம் தொகுதியில் வடிவமைப்பும் நிர்மாணத் தொழினுட்பவியலும் இருக்கிறது. ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் ஆசிரியரும் வேலைக்கூடமும் இல்லாத பாடசாலையில் அந்தப் பாடம் தாளில்தான் இருக்கும். பெண்கள் பாடசாலை என்றதும் மனைப்பொருளியலுக்கு அறை ஒதுக்கி விடயத்தை முடித்துவிடுகிறோம். 1972 கல்விச் சீர்திருத்தம் முன்தொழிற் பாடங்களைப் பள்ளிக்குள் கொண்டு வந்தது. 1977இல் ஆட்சி மாறியதும் அந்தச் சீர்திருத்தம் கைவிடப்பட்டது. மறுபடியும் சீர்திருத்தம் பேசும் இந்த நாட்களிலாவது பெண் பிள்ளைகளுக்கு ஒரு வேலைக்கூடம் கேட்க வேண்டாமா?

பாடசாலைக்கு வெளியே வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. தொழிற்பயிற்சி அதிகார சபை இருக்கிறது, 10 கிலோமீற்றர் தள்ளிக் கண்டியில் தொழினுட்பக் கல்லூரி இருக்கிறது. என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் ஆண், பெண் பார்ப்பதில்லை. ஆனாலும் ஆண்கள் மட்டுமே நிற்கும் வேலைக்கூடத்துக்கு, முழுநாளும், பஸ் ஏறிப் போக மகளை அனுப்பத் தாய் தகப்பன் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தைப் பழைமைவாதம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. பக்கத்திலேயே, பெண் பயிற்றுநர் ஒருவருடன், பிற்பகல் நேரத்தில் வகுப்பு வைத்தால் அந்தத் தயக்கத்தில் பாதி தீர்ந்துவிடும்.

“மரவேலைக்குப் பலம் வேண்டும்” என்பார்கள். உடுநுவரையில் எம்பெக்க தேவாலயத்துக்குப் போய் மேலே அண்ணாந்து பாருங்கள். 26 கைமரங்கள் ஒரேயொரு மர ஆணியில் வந்து சேர்கின்றன. அதைத் தாங்கி நிற்பது தசைப்பலமா, பிசகாத அளவா? சட்டைக் கைக்குத் துணி வெட்டும்போது கால் அங்குலம் தவறாத பிள்ளையின் கண்ணைத்தான் மூலைமட்டமும் கேட்கிறது. அமெரிக்காவில் பெர்க்லி நகரில் எமிலி பிலோட்டன் 2013இல் தொடங்கிய ‘கேர்ள்ஸ் கராஜ்’ வேலைக்கூடத்தில் பள்ளிச் சிறுமிகள் மரம் அறுத்து, இரும்பு ஒட்டி, தங்கள் ஊருக்குத் தேவையானவற்றைக் கட்டுகிறார்கள்.

பெரிய கட்டடம் எதுவும் நாங்கள் கேட்கவில்லை. அக்குறணைப் பிரதேச சபை ஒரு மண்டபத்தை வாரத்தில் மூன்று பிற்பகல் ஒதுக்கட்டும், மேட்டுப் பக்கமாக, வெள்ளம் ஏறாத இடத்தில். தொழிற்பயிற்சி அதிகார சபை பயிற்றுநரை அனுப்பி, என்.வி.கியூ. சான்றிதழ் வரை கொண்டு போகட்டும். வலயக் கல்வி அலுவலகம் ஒரு பெண்கள் பாடசாலையிலாவது நிர்மாணத் தொழினுட்பவியலுக்கு ஆசிரியரைத் தரட்டும். பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் கேட்கிறேன்: ஏழைப் பிள்ளைக்கு ஸகாத் நிதியில் தையல் இயந்திரம் கொடுக்கிறோமே, அதே பட்டியலில் ஒரு சீவுளி, இரண்டு உளி, ஒரு கைவாள், கண்ணுக்குக் கண்ணாடி, தூசுக்கு முகக்கவசம் ஏன் சேரக்கூடாது? எங்கள் ஊர் ஹாட்வெயார் முதலாளிமார் மனம் வைத்தால் ஆயுதங்கள் ஒரு கிழமையில் சேர்ந்துவிடும்.

முதல் வேலையைத் தேடியும் அலையத் தேவையில்லை. எந்தப் பாடசாலையின் பின்பக்கத்துக்குப் போனாலும் கால் உடைந்த கதிரைகளும் பலகை கழன்ற மேசைகளும் மழையில் நனைந்து கிடக்கின்றன. அவற்றைத் திருத்தும் கூலியை அந்தப் பாடசாலைப் பிள்ளைகளுக்கே கொடுங்கள்.