பயணம் என்ற சால்ஜாப்பு

பொழுதுபோக்காகக் காமிராவைக் கையில் எடுத்தவன் கலைஞனாக வளர்வதற்கு வழி சொல்லிச் சென்ற இதழில் ஒரு நண்பர் எழுதியிருந்தார். ஊர் ஊராகப் பயணம் போகவேண்டும், பார்வை விசாலமடையும் என்பது அவர் சொன்ன முதல் விஷயம். கூலிக்குப் படமெடுக்கும் வேலைகளை, அதாவது கல்யாணம், காதுகுத்தல், சஷ்டியப்தபூர்த்தி இத்யாதிகளை, எவ்வளவு சீக்கிரம் உதறுகிறோமோ அவ்வளவுக்கு நல்லது, அவை பார்வையை மழுங்கடித்துவிடும் என்பது இரண்டாவது. இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு இது உவப்பாகவே இருந்திருக்கும். கூலி என்றால் நமக்கு முகம் சுளிக்கும். யாத்திரை என்றால் மலரும். எனக்கோ இரண்டுமே தலைகீழாகப் படுகின்றன. பயணம்தான் பெரும்பாலோரின் கண்ணைக் கெடுத்திருக்கிறது. கூலி வேலை, அதை ஒழுங்காகச் செய்கிறவனுக்கு, கண்ணைத் திறந்துவிடுகிறது.

பயணத்தைப் பற்றிப் பேச லடாக் வரை போகவேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் போய் நின்றால் போதும். அடையாறிலிருந்தும் அண்ணா நகரிலிருந்தும் பத்துப் பதினைந்து பேராக, கழுத்தில் காமிரா தொங்க, வந்து இறங்குகிறார்கள். பூக்காரி, கோலம், டபராவில் ஆற்றும் காபி, குளத்துப் படியில் உட்கார்ந்திருக்கும் கிழவரின் சுருக்கம் விழுந்த முகம். பூக்காரி பாவம், காமிராவைக் கண்டால் எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று கற்றுக்கொண்டுவிட்டாள். எட்டு மணிக்கெல்லாம் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கலைந்துவிடுகிறார்கள். பங்குனியில் அறுபத்துமூவர் அன்று இதே கூட்டம் மொட்டைமாடிகளில் நிற்கிறது. கீழே போகும் பல்லக்கில் இருப்பது கண்ணப்பரா சிறுத்தொண்டரா என்று கேட்டுப்பாருங்கள். அன்று காலையில் குளக்கரையில் பூம்பாவையின் ஐதீகம் நடந்ததே, பார்த்தீர்களா என்று கேட்டுப்பாருங்கள். அவர்களுக்கு வேண்டியது ஜனத்திரள், நிறம், தூசியில் சாயும் வெயில். உண்மையில் இவர்கள் படமெடுக்க வரவேயில்லை. ஏற்கெனவே எங்கோ பார்த்த படத்தை இன்னொரு பிரதி எடுத்துப்போக வந்திருக்கிறார்கள். காசிக்குப் போனாலும் இதே கதைதான், ரயில் சார்ஜ் அதிகம்.

மயிலாப்பூரில் இதனால் பெரிய கெடுதல் ஏதுமில்லை. கூவாகத்தில் உண்டு. சித்திரைப் பௌர்ணமியில் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொண்ட திருநங்கைகள், மறுநாள் அரவான் களப்பலியானதும், தாலியறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவை உடுத்தி ஒப்பாரி வைக்கிறார்கள். அழுகிற முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் லென்ஸ்கள். "வளையலை இன்னொரு வாட்டி உடைங்கக்கா" என்று ஓர் இளைஞன் கேட்டதை நானே காதால் கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டான், அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது. அவளுடைய பெயரை அவன் கேட்கவில்லை. இப்படி எடுத்த படங்கள் பிறகு சென்னையில் ஏதாவதொரு ஹாலில் சட்டம் போட்டுத் தொங்கும். அடியில் 'துயரம்' என்றோ 'அடையாளம்' என்றோ ஒரு சீட்டு. விசாலமடைந்த பார்வை என்று நண்பர் சொல்வது இதைத்தானா?

அதே மயிலாப்பூரில், இப்போது டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என்று சொல்லப்படும் எட்வர்ட் எலியட்ஸ் ரோடில், மா. கிருஷ்ணன் (1912-1996) என்று ஒருவர் வாழ்ந்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. நம் இலக்கியவாதிகள் அப்பாவை அறிவார்கள். பிள்ளையைக் கானுயிர்க்காரர்களிடம் விட்டுவிட்டார்கள். வெவ்வேறு காமிராக்களின் பாகங்களைத் தானே பொருத்தி ஒரு பூதாகாரமான கருவியைச் செய்துகொண்டு, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். கலர் ஃபிலிமை அவர் மதிக்கவில்லை. கறுப்பு வெள்ளைதான். கும்கி யானையின் முதுகில் அமர்ந்து காட்டு யானைகளை எடுத்தார். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950ல் தொடங்கிய பத்தியைச் சாகும்வரை, 46 வருஷம், எழுதினார். தமிழில் அவர் எழுதியவற்றைத் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்திருக்கிறார்.

கிருஷ்ணனும் ஊர் சுற்றியவர்தானே என்று நண்பர் குறுக்கிடலாம். சுற்றினார். முதுமலைக்குப் போனார், மறுபடி முதுமலைக்குப் போனார், பிறகும் போனார். யானை காதை எப்படி விரித்தால் மிரட்டல், எப்படி விரித்தால் வெறும் புழுக்கம் என்று தெரிந்த பிறகு விசையை அழுத்துவதற்கும், "அடேயப்பா, யானை" என்று அழுத்துவதற்கும் உள்ள வித்தியாசம் படத்தில் தெரியும். வீட்டில் இருந்த நாட்களில் காகத்தையும் அணிலையும் பல்லியையும் பற்றி அதே கவனத்தோடு எழுதினார். புதிய இடம் தேடிப் போகவேண்டிய நிர்ப்பந்தம் அவருக்கு இல்லை. பார்த்ததையே பார்க்கும் பொறுமை இல்லாதவனுக்குத்தான் அடுத்த ஊர் தேவைப்படுகிறது.

அப்படியானால் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன்? உலகமெல்லாம் சுற்றியவர் ஆயிற்றே என்பார்கள். 1950 ஏப்ரலில், ரமணர் மறைந்த நாளில், அவர் திருவண்ணாமலையில் இருந்தார். நம்மவர்களுக்கு அவருடைய டிக்கெட்டுகள்தான் கண்ணில் படுகின்றன. அவர் பத்திரிகைகளுக்காக வேலை செய்தவர் என்பதும், 1947-48ல் இந்தியாவில் மாதக்கணக்கில் தங்கினார் என்பதும் மறந்துபோகின்றன. வேலையாகப் போனவன் திரும்பி வந்து ஒருவரிடம் கணக்கு ஒப்படைக்கவேண்டும். ரசிக்கப் போனவனுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இந்தக் கணக்கு ஒப்படைக்கும் விவகாரத்துக்குத்தான் வருகிறேன். தி. நகரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒரு சிநேகிதருக்கு முகூர்த்த நாட்களில் நான் இரண்டாவது காமிரா. வங்கி விதிகள் வெளி வரும்படியை அனுமதிப்பதில்லை. பந்தியில் ஓர் இலையும் தாம்பூலப் பையும்தான் எனக்குச் சம்பளம். கல்யாண மண்டபத்தில் வெளிச்சம் கேவலமாக இருக்கும். ஹோமப் புகை. வீடியோக்காரரின் விளக்கு மணப்பெண்ணின் ஒரு கன்னத்தைச் சுண்ணாம்பாக்கிவிடும். "கெட்டிமேளம்" என்று குரல் வந்ததும் மொத்தக் குடும்பமும் எழுந்து முன்னால் வந்து மறைத்துக்கொள்ளும், அட்சதை லென்ஸில் வந்து விழும். மூன்றாவது முடிச்சைப் போடப்போகும் நாத்தனார் எந்தப் பக்கத்திலிருந்து வருவாள் என்று முன்கூட்டியே தெரிந்து அங்கே நிற்கவேண்டும். இன்னொரு தரம் கட்டச் சொல்ல முடியாது. (கூவாகத்தில் கேட்டவன் இங்கே கேட்டுப் பார்க்கட்டும்.) கன்னிகாதானத்தில் பெண்ணை மடியில் இருத்திக்கொண்டிருக்கும் தகப்பனாரின் முகத்தில் ஒரு கணம் ஏதோ வந்து போகும். அது எப்போது வரும் என்பது, முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அவரைக் கவனித்து வந்தவனுக்கு மட்டுமே தெரியும். பெரிய மாமாவும் சித்தப்பாவும் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். இருவரும் ஒரே படத்தில் இருந்தாகவேண்டும் என்று பாட்டி காதோடு சொல்லியிருப்பாள்.

பிறகு ஆல்பம் அவர்கள் வீட்டுக்குப் போகிறது. அங்கே உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு ஒளியும் நிழலும் தெரியாது. "இது எங்க அக்கா மாதிரியே இல்லையே" என்பார்கள். இதைவிடக் கடுமையான விமர்சனத்தை நான் எந்தச் சிற்றிதழிலும் படித்ததில்லை. அக்காவை அவர்களுக்கு நாற்பது வருஷமாகத் தெரியும். எனக்கு நாலு மணி நேரமாகத் தெரியும். அந்த வித்தியாசத்தை அந்த நாலு மணி நேரத்தில் நான் கடந்தேனா என்பதுதான் கேள்வி. கவுண்ட்டரில் பணம் எண்ணும்போது எதிரில் ஒருவர் நின்று கூடவே எண்ணுவார். அப்படியான படமெடுப்பு இது. காசிப் படித்துறைக் கிழவர் தன் படத்தைப் பார்த்து "இது நானில்லை" என்று சொல்ல வரப்போவதில்லை. அந்த தைரியத்தில்தான் பயணக் கலை அத்தனையும் நடக்கிறது.

சில வருஷம் கழித்து அந்த அக்கா காலமானால், வீட்டார் முதலில் புரட்டுவதும் இந்த ஆல்பத்தைத்தான். கூட்டத்திலிருந்து அவள் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, பொட்டு வைத்து, மாலை போடுவார்கள். கல்யாணத்தன்று விசையை அழுத்தும்போது இதுவும் நினைவில் இருக்கவேண்டும் என்று என் சிநேகிதர் சொல்வார். வயதானவர்களை மேடையில் நிறுத்தியதும், குழுவாக எடுத்த பிறகு, ஒவ்வொருவரையும் தனியாக ஒன்று எடுத்து வைத்துக்கொள்வார். யாரும் கேட்டதில்லை, யாரிடமும் சொன்னதுமில்லை.

கூலியைக் கேவலமாக நினைப்பவர்கள் இன்னும் இரண்டு விஷயங்களை யோசிக்கலாம். 1858ல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி, சர்க்கார் புகைப்படக்காரராகத் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்து, அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒட்டிச் சேர்த்தார். இட்ட வேலை, எழுத்து விடுபடாமல் வரவேண்டும், அவ்வளவுதான். கோபுரத்துக்குப் பின்னால் அஸ்தமன சூரியன் இல்லை. 1919ல் பாரதி காரைக்குடிக்கு வந்தபோது இந்து மதாபிமான சங்கத்தார் அவரோடு சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். நமக்குக் கிடைத்திருக்கும் பாரதி படங்கள் ஒரு கை விரலுக்குச் சற்று மேலே. எவரும் பாரதியைக் கலைக்கண்ணோடு எடுக்கவில்லை. கூப்பிட்டபோது வந்து, நிற்கவைத்து எடுத்துப் போனவர்களால்தான் அந்த முகம் நம்மிடம் இருக்கிறது.

இதே வியாதி நம் கவிதையிலும் பரவியிருப்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை. காசிக்குப் போய் வந்தால் எரியும் பிணம், மலைக்குப் போய் வந்தால் மூடுபனி. படிமம் என்று பெயர். பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி நாலு வரி எழுதி அவரிடமே காட்டும் துணிச்சல் நம்மில் யாருக்கு இருக்கிறது? எத்தனை கவிதைகள் அந்தப் பரீட்சையில் தேறும் என்று பட்டியல் போட்டால் இந்த இதழின் பாதிப் பேர் என்னோடு பேசமாட்டார்கள். இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.

நண்பர் அடுத்த மாதம் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குக் கிளம்புவதாகக் கேள்வி. போய் வரட்டும். அதற்குமுன் ஒரு முகூர்த்த நாளில் ஸ்டூடியோ சிநேகிதருக்கு மூன்றாவது காமிரா ஒன்று தேவைப்படுகிறது. மண்டபம் தி. நகரில், பனகல் பூங்காவிலிருந்து நடக்கிற தூரம். காலை நாலரைக்கு அங்கே இருக்கவேண்டும். சாப்பாடு உண்டு.